பாரசீகர் ஆனால்தான் யானை: ஒரு ரசிகர் மொட்டின் வரலாறு

சின்ன வயதில் எங்களுக்கு யானைப்படை வேண்டுமென்றால் பாரசீகர் ஆக வேண்டியிருந்தது.

ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2 விளையாடினவர்களுக்கு இது உடனே விளங்கும். விளையாடாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். முதலில் ஒரு நாகரிகத்தைத் தெரிவு செய்ய வேண்டும். கையில் ஒரு நகர மண்டபம், கொஞ்சம் ஊரார், ஒரு குதிரைக்காரன். ஆடு அடித்து, மரம் தறித்து, பொன்னும் கல்லும் தோண்டி, இருண்ட காலத்தில் தொடங்கி நான்கு காலங்களைத் தாண்டி எதிராளியை அழிக்க வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். சதுரங்கம் மாதிரி உங்கள் முறை வரும்வரை யோசித்துக்கொண்டிருக்க ஏலாது. அதனால்தான் இந்த வகையை நிகழ்நேர வியூக விளையாட்டு என்கிறார்கள்.

எங்கள் ஊரில் கொம்பியூட்டர் திருத்துகிற அண்ணா ஒருவர் இதை எல்லாருடைய மெஷினிலும் போட்டுவிட்டிருந்தார். சீடி எங்கிருந்து வந்தது, யார் காசு கொடுத்தது என்று நாங்கள் கேட்கவில்லை. ரியூசன் முடிந்து வந்து விளையாடுவம். சோழர் கதை கேட்டு வளர்ந்த பெடியள் நாங்கள். ஆனால் நாகரிகப் பட்டியலில் மேலிருந்து கீழ் வரை தேடினாலும் சோழர் இல்லை. இந்தியாவே இல்லை. யானை வைத்திருந்தது பாரசீகர் மட்டும்தான். ஆகவே பாரசீகரை எடுத்து, பெயரை மட்டும் மனதுக்குள் மாற்றிக்கொண்டு விளையாடினோம். அதில் பெரிய குறையொன்றும் எங்களுக்குத் தெரியவில்லை. பட்டியல் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தோம்.

அந்தப் பட்டியலை ஆர் எழுதினது, ஆர் மாற்றினது என்பதுதான் இந்தக் கட்டுரை.

பதின்மூன்று பேரின் உலகம்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டலஸ் நகரைச் சேர்ந்த என்செம்பிள் ஸ்டூடியோஸ் இந்த கேமைச் செய்தது. வெளியிட்டது மைக்ரோசொஃப்ட். 1999 செப்டெம்பரில் ‘த ஏஜ் ஒஃப் கிங்ஸ்’ என்ற பெயரில் வந்தபோது அதில் 13 நாகரிகங்கள் இருந்தன: பிரித்தானியர், பைசாந்தியர், கெல்ட்டுகள், சீனர், ஃபிராங்குகள், கோத்துகள், யப்பானியர், மொங்கோலியர், பாரசீகர், சரசன்கள், டியூட்டன்கள், துருக்கியர், வைக்கிங்குகள்.

எண்ணிப் பாருங்கள். பைசாந்தியரையும் சேர்த்தால் ஏழு பேர் ஐரோப்பாக்காரர். சகாராவுக்குத் தெற்கே ஆபிரிக்கா முழுதும் வெறும் இடம். அமெரிக்கக் கண்டங்கள் இரண்டிலும் ஆளில்லை. சீனாவுக்கும் பாரசீகத்துக்கும் நடுவில் மொங்கோலியக் குதிரைகள் ஓடின. அதற்குத் தெற்கே உலகமே இல்லாத மாதிரி. ‘மத்திய காலம்’ என்று அந்த கேம் சொன்னது ஒரு ஐரோப்பியச் சிறுவன் பாடப்புத்தகத்தில் படிக்கிற மத்திய காலம்.

இதைச் சதி என்று நாங்கள் சொல்லவில்லை. என்செம்பிளின் வடிவமைப்பாளர்களில் ஒருவரான புரூஸ் ஷெல்லி, இப்படியான கேமுக்குத் தேவையான வரலாற்றுத் தகவலை நூலகத்தின் சிறுவர் பகுதியிலேயே பெற்றுக்கொள்ளலாம் என்ற கருத்தை வெளிப்படையாகவே எழுதியவர். விளையாடுகிறவனுக்கு ஏற்கெனவே தெரிந்ததைக் கொடுத்தால்தான் அவன் உடனே உள்ளே வருவான் என்பது அவர்களுடைய கணக்கு. வியாபாரமாகப் பார்த்தால் கணக்குச் சரி. ஆனால் டலஸிலுள்ள நூலகத்தின் சிறுவர் பகுதியில் இல்லாத ஆட்கள் கேமிலும் இல்லாமல் போய்விடுவார்கள்.

2000 ஓகஸ்டில் ‘த கொங்குவரர்ஸ்’ என்ற விரிவாக்கம் வந்தது. அஸ்டெக், மாயர், ஹூணர், ஸ்பானியர், கொரியர் என ஐந்து பேர் சேர்ந்து 18 ஆனது. இதில் கொரியர் வந்த கதை சுவாரசியமானது. அப்போது தென் கொரியாவில் ‘ஸ்டார்கிராஃப்ட்’ என்ற இன்னொரு வியூக கேம் பைத்தியமாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சந்தையைப் பிடிக்கத்தான் கொரியர் கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்டார்கள் என்பதை அதில் வேலை செய்த சாண்டி பீட்டர்சன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். வரலாற்றில் நீங்கள் எவ்வளவு பெரிய ஆள் என்பது ஒரு பக்கம். உங்கள் நாட்டில் எத்தனை பேர் கேம் வாங்குவார்கள் என்பது மறுபக்கம். சீடி கொப்பியடித்து விளையாடிய எங்களை மாதிரி ஊர்கள் இந்தக் கணக்கில் எங்கே நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கடை பூட்டின பிறகு

2008 செப்டெம்பரில் என்செம்பிளை மூடப்போவதாக மைக்ரோசொஃப்ட் அறிவித்தது. ‘ஹேலோ வார்ஸ்’ வேலையை முடித்துக்கொடுத்துவிட்டு 2009 ஜனவரியில் அந்த நிறுவனம் இல்லாமல் போனது. அதற்கு முன்னமே, 2006இல், பழைய கேமை இணையத்தில் சேர்ந்து விளையாட மைக்ரோசொஃப்ட் வைத்திருந்த சேவையும் நின்றுவிட்டது. கொம்பனியைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது.

விளையாடுகிறவர்களைப் பொறுத்தவரை முடியவில்லை. வூப்ளி போன்ற தளங்களில் சேர்ந்து அவர்கள் தொடர்ந்து விளையாடினார்கள். புதிய அகலத் திரைகளில் பழைய கேம் ஒழுங்காக ஓடவில்லை. ரசிகர்களே ‘யூசர்பாட்ச்’ என்றொரு திருத்தத்தைச் செய்து ஓட வைத்தார்கள். மூல நிரல் அவர்களிடம் இல்லை. பூட்டின வீட்டுக்குச் சாவியில்லாமல் உள்ளே போய் லைற்றைப் போடுகிற வேலை அது.

இங்கே மொட் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். வெளிவந்துவிட்ட கேமொன்றின் கோப்புகளை ரசிகர்கள் மாற்றியமைத்துச் செய்கிற புதிய வடிவம்தான் மொட். ஏஜ் 2இன் படைகள், கட்டடங்கள், விலைகள், ஆய்வுகள் எல்லாம் ஒரு பெரிய தரவுக் கோப்பில் எண்களாக இருக்கின்றன. அந்தக் கோப்பைத் திறந்து திருத்துகிற கருவிகளையும் ரசிகர்களே எழுதினார்கள்.

அந்தத் தரவுக் கோப்பு எப்படி அமைந்திருக்கிறது என்று பார்த்தபோது எங்களுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. இந்த கேமில் எல்லா நாகரிகத்துக்கும் ஒரே தொழினுட்ப மரம்தான். ஒரு நாகரிகத்தை உருவாக்குவதென்றால் பெரும்பாலும் அந்த மரத்திலிருந்து கிளைகளை வெட்டிவிடுவதுதான். அஸ்டெக்குக்குக் குதிரையை வெட்டு. வேறொருவருக்குத் துப்பாக்கியை வெட்டு. பிறகு கோட்டையில் ஒரு தனிப்படை, ஒரு தனி ஆய்வு, இரண்டு மூன்று சலுகை. அவ்வளவுதான். ஒருவரிடம் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்பதுதான் அவரை அடையாளப்படுத்துகிறது. கலைப்பீடத்தில் அடையாளம் பற்றி நாங்கள் கேட்ட லெக்சர்களில் பாதி இந்த ஒரு கோப்புக்குள் இருக்கிற மாதிரிப் பட்டது.

மறந்தது ஆர்?

2012 டிசம்பரில் ‘ஃபொர்கொட்டன் எம்பயர்ஸ்’ வந்தது. மறக்கப்பட்ட பேரரசுகள். ‘சைசன்’ என்ற பெயரில் அறியப்பட்ட பேர்ட் பீக்மன் முன்னின்று நடத்த, ரசிகர்கள் குழுவொன்று செய்த இலவச மொட். கொங்குவரர்ஸ் உங்கள் கணினியில் இருந்தால் போதும், அதன்மேல் போட்டுக்கொள்ளலாம். கொம்பனி எதுவும் கேட்கவில்லை, சம்பளம் எதுவும் கொடுக்கவில்லை. 12 வருடமாக 18இல் நின்ற பட்டியல் 23 ஆனது.

புதிய ஐந்து பேர்: இத்தாலியர், மாஜியர், ஸ்லாவியர், இன்காக்கள், இந்தியர்.

ஐந்தில் மூன்று மறுபடியும் ஐரோப்பாதான் என்று நீங்கள் சொல்லலாம். நாங்களும் சொன்னோம். ஆனாலும் அந்தத் தலைப்பைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இன்காக்களை ஆர் மறந்தது? பெருவில் உள்ளவர்கள் மறக்கவில்லை. ஸ்லாவியரை ஆர் மறந்தது? மொஸ்கோவிலும் கியேவிலும் உள்ளவர்கள் மறக்கவில்லை. மறந்தது கேம்தான். ‘மறக்கப்பட்ட’ என்ற சொல்லுக்குள்ளே எப்போதும் மறந்தவர் ஒருவர் ஒளிந்திருக்கிறார். செயப்பாட்டு வினையில் அவர் பெயர் சொல்லப்படாமல் தப்பிவிடுகிறார். வரலாற்றுப் புத்தகங்களில் இந்த வினை எத்தனை இடத்தில் வருகிறது என்று தேடிப் பார்க்கலாம்.

அந்த மொட்டின் இந்தியர் எப்படி இருந்தார்கள்? அவர்களுக்கு ஒட்டகப்படை பலம். யானைமேல் இருந்து அம்பெய்கிற தனிப்படை. ஊராரை மலிவாக உருவாக்கலாம். நைட் எனப்படும் கனரகக் குதிரைவீரர் இல்லை. வடக்கில் சுல்தான்கள், ராஜபுத்திரர் என்று எடுத்துக்கொண்டால் ஓரளவு பொருந்தும். தஞ்சாவூரை நினைத்துக்கொண்டு விளையாடினால் பொருந்தாது. எங்கள் சோழர் ஒட்டகத்தில் போனார்கள். ஆனாலும் யானைக்காகப் பாரசீகர் ஆக வேண்டிய தேவை அன்றோடு முடிந்தது. முதல்முறை அந்த மொட் எங்கள் கைக்கு வந்த இரவு, பாதி விளங்காத கேமை நாங்கள் விடியும்வரை விளையாடியதற்கு அதுதான் காரணம்.

இலவசம் விலையான கதை

மொட் வந்து நான்கு மாதத்தில், 2013 ஏப்ரலில், மைக்ரோசொஃப்ட் பழைய கேமை எச்டி பதிப்பாக ஸ்டீமில் வெளியிட்டது. புதுப்பித்தது ஹிடன் பாத் என்ற நிறுவனம். பூட்டிக் கிடந்த வீட்டில் லைற் எரிவதைக் கண்டு வீட்டுக்காரர் திரும்பி வந்த மாதிரி.

வீட்டுக்காரர் என்ன செய்திருக்கலாம்? உள்ளே இருந்தவர்களைக் கலைத்திருக்கலாம். சட்டம் அவர் பக்கம்தான். ஆனால் 2013 நவம்பரில், அந்த மொட் செய்த குழுவே செய்த ‘த ஃபொர்கொட்டன்’ என்ற விரிவாக்கம் அதிகாரபூர்வமாக வெளிவந்தது. 2000க்குப் பிறகு 13 வருடம் கழித்து வந்த முதல் விரிவாக்கம். அதே ஐந்து நாகரிகங்கள். எல்லா நாகரிகத்துக்கும் இரண்டாவது தனி ஆய்வு. பிரித்விராஜ், டிராகுலா, அலாரிக், ஸ்ஃபோர்சா என்று புதிய கதைத்தொடர்கள். இலவசமாக இருந்தது இப்போது விலைக்கு.

பொழுதுபோக்காகத் தொடங்கினவர்கள் ஒரு நிறுவனமானார்கள். 2015இல் ‘த ஆஃப்ரிக்கன் கிங்டம்ஸ்’ வந்தது. பெர்பர், எத்தியோப்பியர், மாலியர், போர்த்துக்கேயர். சகாராவுக்குத் தெற்கே கேமில் முதன்முதலாக மனிதர் குடியேறினார்கள். 2016 டிசம்பரில் ‘ரைஸ் ஒஃப் த ராஜாஸ்’. பர்மியர், க்மேர், மலாயர், வியட்நாமியர். 2019 நவம்பரில் முழுக்கப் புதுப்பித்த டெஃபினிட்டிவ் எடிஷனை முன்னின்று செய்ததும் அவர்கள்தான். அப்போது 35 நாகரிகம். மூடப்பட்ட நிறுவனத்தின் வேலையை அதன் ரசிகர்கள் பொறுப்பெடுத்து, அந்த நிறுவனம் உயிரோடு இருந்த காலத்தைவிடப் பெரிதாக்கிவிட்டார்கள்.

இது எப்போதும் இப்படி நல்லபடியாக முடிவதில்லை. வோர்கிராஃப்ட் 3 கேமில் ரசிகர்கள் செய்த வரைபடமொன்றிலிருந்துதான் டோட்டா பிறந்தது. அதை டோட்டா 2 ஆக்கி 2013இல் வெளியிட்டது வேறு கொம்பனி, வால்வ். மூல கேமின் சொந்தக்காரரான பிளிசார்ட் 2020இல் தன் பழைய கேமைப் புதுப்பித்து வெளியிட்டபோது, இனி இதற்குள் ரசிகர்கள் உருவாக்குகிற எதுவும் எங்களுக்கே சொந்தம் என்று விதி எழுதிக்கொண்டது. ஒரு பக்கம் உருவாக்கினவருக்கு வேலை கொடுத்தார்கள். மறுபக்கம் உருவாக்கப்போவதையே முன்கூட்டி எழுதி வாங்கினார்கள். இரண்டுக்கும் பொதுவானது ஒன்று: சம்பளமில்லாத ஆட்களின் பல வருட உழைப்பு.

ரசிகர்களும் சும்மா இருக்கவில்லை. எச்டி பதிப்பில் பலர் சேர்ந்து விளையாடும்போது இழுபறியாக இருந்ததால் போட்டி விளையாட்டுக்காரர்கள் பலர் பழைய கொங்குவரர்ஸை விடவில்லை. ஆனால் புதிய நாகரிகங்களும் வேண்டும். அதனால் ‘வொலோலோகிங்டம்ஸ்’ என்று இன்னொரு மொட் செய்து, அதிகாரபூர்வ விரிவாக்கங்களைத் திரும்பப் பழைய கேமுக்குள் கொண்டுபோனார்கள். மொட் கொம்பனியிடம் போய் விரிவாக்கமாகி, விரிவாக்கம் ரசிகரிடம் திரும்பி மொட்டானது. இதில் எது மூலம், எது கொப்பி என்று பிரிப்பது கஷ்டம். எங்களுடைய பழைய ஏடுகளும் இப்படித்தான் வந்திருக்கின்றன. ஒவ்வொருவரும் படியெடுக்கும்போது கொஞ்சம் சேர்த்தார்கள், கொஞ்சம் விட்டார்கள்.

திராவிடர் வந்த சித்திரை

2022 ஏப்ரல் 28. ‘டைனஸ்டீஸ் ஒஃப் இந்தியா’ வந்த நாள். நாடு எப்படி இருந்தது என்று எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மணித்தியாலக் கணக்கில் கரண்ட் வெட்டு. பெற்றோலுக்கு வரிசை. காலிமுகத்திடலில் கூடாரம். டொலர் விலை ஏறின ஏற்றத்தில் நாங்கள் கேமுக்குக் காசு கட்டுவதைப் பற்றி யோசிக்கவேயில்லை. கனடாவிலிருக்கிற மச்சான் ஒருவர் வாங்கினார். கரண்ட் வந்த ஒரு நடுச்சாமத்தில், ஹொஸ்டல் அறையில், அவருடைய கணக்கில் நாலு பேர் ஒரு லப்டொப்பைச் சுற்றியிருந்து பார்த்தோம்.

2012 மொட்டின் ‘இந்தியர்’ இப்போது இல்லை. அந்த ஒற்றைப் பெயரை உடைத்து ஹிந்துஸ்தானியர், குர்ஜரர், வங்காளியர், திராவிடர் என்று நாலாக்கியிருந்தார்கள். திராவிடரைச் சொடுக்கினால் ஊரார் தமிழில் பதில் சொன்னார்கள். சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கண்ணும் கலங்கியது. சுருள்வாள் வீரர் இருக்கிறார்கள். திரிசடை என்ற கப்பல் இருக்கிறது. மீன்பிடிக்காரர் கூடச் சுமப்பார்கள். நைட் குதிரை கிடையாது. தென்னாட்டு அரசுகளுக்குக் குதிரை கடல்வழியாகத்தான் வந்தது. பாண்டிய நாட்டில் குதிரை இறக்குமதிக்குச் செலவாகும் பணத்தைப் பார்த்து மார்க்கோ போலோவே வியந்து எழுதியிருக்கிறார். இந்தமுறை கிளையை வெட்டினவர்கள் யோசித்துத்தான் வெட்டியிருக்கிறார்கள்.

ராஜேந்திர சோழனுக்கு ஒரு கதைத்தொடரே இருந்தது. இனிப் பெயரை மனதுக்குள் மாற்றத் தேவையில்லை.

ஆனால் ‘திராவிடர்’? அதை முதலில் கேட்டது எங்களில் மொழியியல் படிக்கிறவள். தமிழ், தெலுங்கு, கன்னட, மலையாள மொழிகளை ஒரு குடும்பமாக நிறுவி, அந்தச் சொல்லை இன்றைய பொருளில் பரப்பியது 1856இல் வந்த கால்ட்வெல்லின் ஒப்பிலக்கணம். ராஜேந்திரனும் சாளுக்கியரும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட காலத்தில், தாங்கள் ஒரே ‘நாகரிகம்’ என்று இரண்டு பக்கமும் நினைத்திருக்காது. அவள் சொன்னாள்: “இந்தியர் எண்ட மூட்டையை அவிழ்த்துப்போட்டு, அதுக்குள்ள இருந்து திராவிடர் எண்ட சின்ன மூட்டையை எடுத்திருக்கினம்.”

சரிதான். ஆனால் இந்த கேமின் பழைய வருத்தம் அது. பைசாந்தியர் தங்களை ரோமர் என்றுதான் அழைத்துக்கொண்டார்கள். ‘பைசாந்தியர்’ என்பது அந்த அரசு வீழ்ந்த பிறகு ஐரோப்பிய அறிஞர்கள் வைத்த பெயர். சரசன் என்பது ஐரோப்பியர் அரபு முஸ்லிம்களுக்கு வைத்த பெயர். பட்டியலில் இருப்பவர்களில் பலர் தங்கள் பெயரை அந்தப் பட்டியலில் பார்த்தால் அடையாளம் கண்டிருக்க மாட்டார்கள்.

“இதில எங்கட ஆக்கள் எங்க?”

அந்த இரவு லப்டொப்பைச் சுற்றியிருந்த நாலு பேரில் ஒருவன் சிங்களவன். எங்கள் பீடம்தான், பக்கத்து அறை. தமிழ் நன்றாகக் கதைப்பான். நாகரிகப் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டான்: “இதில எங்கட ஆக்கள் எங்க?”

இல்லை. அந்த 2022 பட்டியலில் 42 நாகரிகம் இருந்தது. அதில் சிங்களவர் இல்லை. பாரசீகரை எடுத்துச் சோழராக நடித்த பெடியளுக்கு அந்தக் கேள்வி பழக்கமான கேள்வி. ஆனால் இந்தமுறை பட்டியலுக்கு உள்ளே இருந்துகொண்டு கேட்டது எங்கள் காதில் விழுந்தது. உள்ளே இருக்கிறவருக்கு அந்தக் கேள்வி எவ்வளவு சங்கடம் என்று அன்றுதான் தெரிந்தது.

ஏனென்றால் ராஜேந்திரன் எங்களுக்கு வெறும் கேம் வீரன் இல்லை. அவனுக்கும் இல்லை. 993 அளவில் ராஜராஜனின் படை அனுராதபுரத்தை அழித்தது. சோழர் பொலன்னறுவையை ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டுத் தலைநகராக்கினார்கள். 1017இல் ராஜேந்திரனின் படை ஐந்தாம் மகிந்தனைப் பிடித்துச் சோழநாட்டுக்குக் கொண்டுபோனது. அவர் அங்கேயே 1029இல் செத்தார். சோழர் விகாரைகளைச் சூறையாடியதைச் சூளவம்சம் சொல்கிறது. 1070இல் முதலாம் விஜயபாகு அவர்களைத் துரத்தினான். பொலன்னறுவையில் வானவன் மாதேவி ஈஸ்வரம் இன்னும் கல்லாக நிற்கிறது. இதே நிகழ்ச்சிகளை நாங்கள் கடாரம் வென்ற பெருமையோடு சேர்த்துக் கேட்டு வளர்ந்தோம். அவன் தலைநகரம் எரிந்த கதையாகக் கேட்டு வளர்ந்தான். இரண்டும் நடந்ததுதான். கடந்த நூற்றாண்டில் இந்த இரண்டு கதைகளையும் ஆயுதமாகத் தூக்கினவர்களின் விளைவுகளை இரண்டு பக்க வீடுகளும் அனுபவித்திருக்கின்றன.

இந்த இடத்தில்தான் கேமின் இலக்கணம் உதைக்கிறது. ஏஜ் 2இல் ஒரு விளையாட்டுக்காரருக்கு ஒரு நிறம், ஒரு நாகரிகம். நீலம் திராவிடர், சிவப்பு வேறொருவர். ஆனால் அதே பொலன்னறுவையில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது, 12ஆம் நூற்றாண்டுக்குரியது. வேளைக்காரப் படை என்ற தமிழ்ப் படை, புத்தரின் தந்ததாது இருந்த கோயிலைத் தாங்கள் காப்போம் என்று பொறுப்பெடுத்துக்கொண்ட கல்வெட்டு. தமிழில் எழுதி, புத்தரின் பல்லைக் காத்த படை. இவர்களுக்கு எந்த நிறம் கொடுப்பது?

கேமில் துறவிகள் எதிராளியின் வீரனை ஓதி மாற்றிவிடுவார்கள். வீரனின் நிறம் மாறும். ஆனால் பழைய எசமானிடம் பெற்ற பயிற்சி அப்படியே இருக்கும். நாங்கள் யோசித்ததில் வேளைக்காரருக்குக் கிட்ட வருவது அது ஒன்றுதான். அதுவும் முழுதாகப் பொருந்தாது. வேளைக்காரரை ஆரும் ஓதி மாற்றவில்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. திராவிடரின் தனி ஆய்வுகளில் ஒன்று ‘வூட்ஸ் ஸ்டீல்’, நம் உருக்கு. உருக்குத் திராவிடருக்கு மட்டும்தானா? இங்கே சமனலவெவப் பகுதியில், மேற்குப் பார்த்த மலைச்சரிவுகளில், பருவக்காற்றையே துருத்தியாக்கி இரும்புருக்கிய உலைகளை ஜில் ஜூலெஃப் என்ற ஆய்வாளர் அகழ்ந்தெடுத்தார். கிட்டத்தட்ட 7ஆம் நூற்றாண்டிலிருந்து 11ஆம் நூற்றாண்டு வரையானவை. மாதிரி உலை கட்டி எரித்துப் பார்த்து, அதில் உயர்கரிம உருக்குக் கிடைப்பதையும் காட்டினார். 1996இல் ‘நேச்சர்’ இதழில் அது வெளிவந்தது. காற்று அடித்தது, மலை இருந்தது, ஆட்கள் கண்டுபிடித்தார்கள். தரவுக் கோப்பில் அதை எந்த நாகரிகத்தின் வரிசையில் போடுவது என்று அவர்கள் யோசித்திருக்க வழியில்லை.

குளத்தை எங்கே வைப்பது

அடுத்த விடுமுறையில் நாங்கள் ஒரு வேலை தொடங்கினோம். பக்கத்து அறைக்காரனும் சேர்ந்துதான். ரசிகர்கள் எழுதிய அந்தத் திருத்தும் கருவியை இறக்கி, தரவுக் கோப்பைத் திறந்தோம். புதிதாக ஒரு நாகரிகத்தைச் சேர்ப்பது கஷ்டம். இருக்கிற ஒன்றின் இடத்தில் எங்களுடையதை வைப்பது லேசு. 2012இல் அந்த மொட்டைச் செய்த ஆட்கள் இதைவிட எவ்வளவு இருட்டில் வேலை செய்திருப்பார்கள் என்று முதல் நாளே விளங்கியது. ஒரு எண்ணை மாற்றினால் கேம் திறக்காது. ஏன் திறக்கவில்லை என்றும் சொல்லாது.

முதல் சண்டை பெயரில். சிங்களவர் என்று போட்டால் அநுராதபுரத்திலும் மாதோட்டத்திலும் இருந்த மற்ற ஆட்கள் எங்கே? இலங்கையர் என்று போட்டால் அது இன்றைய கடவுச்சீட்டுச் சொல். ஒருவன் ‘அநுராதபுரம்’ என்றான். அது ஒரு நகரம். இரண்டு நாள் இதிலேயே போனது. பைசாந்தியர் என்று பெயர் வைத்தவர்கள்மேல் எங்களுக்கு இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது.

இரண்டாவது பிரச்சினையை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. இந்த மண்ணின் நாகரிகத்துக்கு என்ன சலுகை கொடுப்பது என்று கேட்டதும் எல்லாரும் ஒரே குரலில் சொன்னோம்: குளம். அதில் மட்டும் தமிழ், சிங்களம் என்று பிரச்சினையே வரவில்லை. வவுனிக்குளமும் பராக்கிரம சமுத்திரமும் பார்த்து வளர்ந்தவர்கள்தானே. ஆனால் ஏஜ் 2இல் வயலுக்குத் தண்ணீர் தேவையில்லை. 60 மரம் கொடுத்தால் பாலைவனத்தின் நடுவிலும் வயல் போடலாம். மழை இல்லை, வரட்சி இல்லை, வாய்க்கால் இல்லை. மரத்திலிருந்து கிளையை வெட்டுவதுதான் இந்த கேமில் நாகரிகம் செய்யும் வழி என்று சொன்னோம். மரத்திலேயே இல்லாத கிளையை என்ன செய்வது? 1999இல் டலஸில் அந்த மரத்தை நட்டபோது தண்ணீர் அவர்களுக்கு ஒரு பிரச்சினையாகத் தெரியவில்லை. நாகரிகம் எத்தனை கூடினாலும் அந்த மரம் இன்னும் அதே மரம்தான்.

ஃபொர்கொட்டன் எம்பயர்ஸ் மொட்டின் பெருமையும் எல்லையும் எங்களுக்கு அங்கேதான் தெரிந்தது. பட்டியலில் இல்லாதவரைப் பட்டியலில் சேர்க்கலாம் என்று காட்டினார்கள். சம்பளமில்லாமல், அனுமதி கேட்காமல், செய்து காட்டிய பிறகு கொம்பனியே வந்து கதவைத் திறந்தது. அது சின்ன விஷயமில்லை. ஆனால் பட்டியலில் இடம் கிடைப்பது வேறு, அந்தப் பட்டியல் எந்தக் கேள்விகளைக் கேட்டு எழுதப்பட்டதோ அவற்றை மாற்றுவது வேறு.

எங்கள் கோப்பு இன்னும் அந்த லப்டொப்பில் கிடக்கிறது. கடைசியாகத் திறந்தபோது வயலின் விலையைக் குறைத்து, அதற்குக் ‘குளத்துவயல்’ என்று பெயர் மாற்றி வைத்திருந்தோம். கேம் திறந்தது. நாகரிகத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இப்போதைக்கு ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறோம். பக்கத்து அறைக்காரன் யானையை வெட்ட வேண்டாம் என்கிறான். அதில் நாங்கள் எல்லாரும் ஒத்துக்கொண்டாயிற்று.